விட்ட ஓட்டத்தைப் பிடிக்க முதலில் மேட் விரிப்பதா, ஷூ மாட்டுவதா?

போன வருடம் எட்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஹாலில் மேட் விரித்து, டிவியில் வருகிற பயிற்சியாளர் சொன்னதையெல்லாம் ஒரு நாள் விடாமல் செய்து முடித்தேன். ஒன்பதாவது வாரம் ரோட்டில் இறங்கினேன். இறங்கிய ஒன்பதாவது நாள், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரமாக வலி பிடித்து, வீட்டுக்கு ஆட்டோவில் வந்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மறுபடி ஓட ஆரம்பிக்கணும், வீட்டிலேயே வீடியோ பார்த்துச் செய்கிற பயிற்சியில் ஆரம்பிக்கலாமா, நேராக ஓடிவிடலாமா, ட்ரெட்மில் வாங்கலாமா என்று ஆபீசிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

என் கதை சுருக்கம். வயது 41, அவிநாசி பக்கம் மாடி வீடு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை, காலையில் உட்கார்ந்தால் பொழுதோடத்தான் எழுந்திருப்பேன். ஒரு காலத்தில் வாரம் நான்கு நாள் ஓடினவள்தான். 2013-இல் இருந்து நடக்கிற கோவை மாரத்தானில் 10 கிலோமீட்டர் இரண்டு தடவை ஓடியிருக்கிறேன், வேகமெல்லாம் கேட்காதீர்கள். அப்புறம் அத்தை கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரி, வீடு, வேலை என்று மூன்று வருடம் ஷூ பரண் மேலேயே கிடந்தது.

வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன் ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும், அது தெரியாமல்தான் நான் மாட்டினேன். ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் போவது மூச்சு. இரண்டு மூன்று வாரத்திலேயே ரத்தத்தில் இருக்கிற நீர் அளவு குறைந்து, இதயம் அதே வேலைக்கு அதிகம் துடிக்க ஆரம்பித்துவிடும், மாடிப்படி ஏறினாலே தெரியும். ஆனால் திரும்ப ஆரம்பித்தால் முதலில் வருவதும் இந்த மூச்சுதான், ஒரு மாதத்தில் ஆள் பரவாயில்லை என்று தோன்றிவிடும். எலும்பும், தசையை எலும்போடு கட்டிப்பிடித்திருக்கிற தசைநாணும் அப்படி இல்லை. அவை பலம் ஏற மாதக் கணக்கில் ஆகும், அவசரப்படுத்தினால் கேட்காது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 65 கிலோ ஆள் என்றால் ஏறத்தாழ மூன்று சிமெண்ட் மூட்டை, அதுவும் ஒற்றைக் காலில், 5 கிலோமீட்டருக்குள் ஐயாயிரம் ஆறாயிரம் தடவை. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பழைய பைப் லைனுக்கு ஏழரை எச்பி மோட்டாரை மாட்டினது போல. தண்ணீர் வரத்தான் செய்யும், எந்த ஜாயின்டில் பீய்ச்சும் என்பதுதான் தெரியாது.

ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும் நான் இப்போது கேட்கிற கேள்வி இதுதான்: இது மோட்டாரை மட்டும் பெரிசாக்குகிறதா, பைப்பையும் மாற்றுகிறதா?

முதல் வழி, ஒன்றும் யோசிக்காமல் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு பழைய ரூட்டில் பழைய தூரம் ஓடுவது. ஆண்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள், என் அண்ணன் உட்பட. மூன்று மாதத்துக்குள் நின்ற ஓட்டம் என்றால், பழைய தூரத்தில் பாதியிலிருந்து ஆரம்பித்து இப்படிச் செய்தாலும் தப்பித்துவிடலாம். வருடக் கணக்கில் விட்டவர்களுக்கு இது வேண்டாம். பழைய வேகம் தலைக்குள் அப்படியே இருக்கும், கால் மட்டும் மறந்திருக்கும்.

இரண்டாவது, நடந்து ஓடி நடந்து ஓடுகிற அட்டவணை. இதில் எல்லோருக்கும் தெரிந்தது கவுச் டு 5கே, அதாவது சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு. ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-இல் தன் அம்மாவை மனதில் வைத்துப் போட்ட திட்டம் அது, இங்கிலாந்தின் அரசு சுகாதாரத் துறையே இப்போது அதை அலைபேசி ஆப்பாக இலவசமாகத் தருகிறது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் ஐந்து நிமிடம் வேக நடை, அப்புறம் 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை, இப்படியே 20 நிமிடம். காதில் ஒரு குரல் "இப்போது ஓடு, இப்போது நட" என்று சொல்லிக்கொண்டே வரும், நாம் மணிக்கட்டைப் பார்க்க வேண்டியதில்லை. பைப்பை நேரடியாகப் பழக்குகிற வழி இது, ஏனென்றால் அடி விழுகிறது, கொஞ்சமாக விழுகிறது, நடுவில் ஒரு நாள் ஓய்வும் இருக்கிறது.

குறை என்னவென்றால், ஐந்தாவது வாரம் ஒரு தாவு தாவும். முதல் நாள் ஐந்து நிமிட ஓட்டம் மூன்று, இரண்டாம் நாள் எட்டு நிமிட ஓட்டம் இரண்டு, மூன்றாம் நாள் நடையே இல்லாமல் 20 நிமிடம் ஒரே ஓட்டம். முன்னே ஓடிப் பழகினவர்களுக்கு மூச்சு இடம் கொடுத்துவிடும், "ஆஹா முடிகிறதே" என்று சந்தோஷமாக இருக்கும், ஆபத்தும் அங்கேதான். அந்த வாரத்தை இரண்டு வாரமாகவோ மூன்று வாரமாகவோ நீட்டிக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அட்டவணை நமக்காகத்தான் போட்டது.

மெதுவாகக் கூட்டினால் மட்டும் அடிபடாது என்றும் நம்பிவிடாதீர்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓட வந்தவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு எட்டு வாரத் திட்டமும், இன்னொன்றுக்கு வாரம் பத்து சதவீதக் கணக்கில் மெல்லக் கூட்டுகிற 13 வாரத் திட்டமும் கொடுத்துப் பார்த்தார்கள், 2008-இல் முடிவு வந்தது. இரண்டு கூட்டத்திலும் ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டது, வித்தியாசமே இல்லை. கணக்கெழுதுகிற எனக்கே இது கொஞ்சம் வருத்தம்தான், பத்து சதவீதம் என்றால் எவ்வளவு லட்சணமான எண். ஆனால் காலுக்குச் சதவீதம் தெரியாது. அடுத்த நாள் காலையில் கட்டிலில் இருந்து இறங்கும்போது அது என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

நடப்பதைக் கேவலமாக நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன், ஜெஃப் காலோவே. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடினவர். அவரே பிற்பாடு ஊர் முழுக்க "நடுநடுவே நட" என்று சொல்லிக் கொடுத்து, அதையே ஒரு முறையாக்கினார். ஒலிம்பிக்காரர் நடக்கச் சொல்கிறார், நமக்கு என்ன கவுரவம்.

சரி, மூன்றாவது வழி. வீட்டில் வீடியோ பார்த்துச் செய்கிற பயிற்சித் திட்டம். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், கேட்பவர்கள் எல்லோரும் இதில்தான் கண் வைத்திருக்கிறார்கள், எனக்கும் இதன்மேல் இன்னும் பாசம் இருக்கிறது.

நல்லது முதலில். காலை ஐந்தரை மணிக்கு வாசலைத் தாண்ட வேண்டாம். எங்கள் தெருவில் ஏழு நாய், அதில் இரண்டு என்னைக் கண்டால் மட்டும் தனியாக ஒரு ராகம் போடும். இருட்டு, பைக்கில் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போகிற ஆள், "எங்கம்மிணி இந்நேரத்துல" என்று கேட்கிற பால்காரர், எதுவும் இல்லை. மழை பெய்தாலும் நடக்கும். இன்றைக்கு என்ன செய்வது என்று மூளை கசக்க வேண்டியதில்லை, ஒன்றாம் நாள், இரண்டாம் நாள் என்று வரிசையாகக் காலண்டர் இருக்கும், கட்டம் கட்டமாக டிக் அடிக்கிற சுகம் தனி. விட்டுப்போன பழக்கத்தைத் திரும்ப ஒட்டவைக்க இதைவிடச் சுலபமான பசை கிடையாது. தொடை, இடுப்பு, வயிறு எல்லாம் உண்மையிலேயே தேறும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்குப்படி வயது வந்தவர்களுக்கு வாரம் 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வேலையும் வேண்டும். ஓட்டக்காரர்கள் பொதுவாக இந்த இரண்டாவதைக் கண்டுகொள்வதே இல்லை, வீட்டுத் திட்டம் அதைப் பிடித்து இழுத்துச் செய்யவைக்கும்.

இப்போது கெட்டது. எங்கள் கீழ் வீட்டில் கைக்குழந்தை. அதனால் வீடியோவில் குதிக்கச் சொல்கிற இடத்திலெல்லாம், ஓரத்தில் நிற்கிற இன்னொரு பெண் காட்டுகிற குதிக்காத மாதிரியையே எட்டு வாரமும் செய்தேன். வியர்வை கொட்டியது, நாடித்துடிப்பு ஏறியது, உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் மட்டும் ஆயிரக் கணக்கில் போட்டிருப்பேன். என் பாதம் தரையை விட்டு ஒரு தடவைகூட எழும்பவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எட்டு வாரம் முடிந்த மறுநாள் 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடினேன், மூச்சு இரைக்கவில்லை, வீட்டுக்காரரிடம் பெருமை பீற்றிக்கொண்டேன். ஒன்று விட்ட ஒரு நாள் அதே தூரம். அவ்வளவுதான், ஐந்தாவது ஓட்டத்தில் ஆட்டோ.

பிசியோதெரபிஸ்டிடம் போனபோது அந்தப் பெண் நான் சொன்ன எட்டு வார வரலாற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க்கா, செவுத்தப் புடிச்சுட்டு ஒத்தக் கால்ல நின்னு குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்குங்க, எத்தன வருதுன்னு பாக்கலாம்" என்றது. இடது கால் பதினொன்று. வலித்த வலது கால் ஒன்பது. ஓடப் போகிற ஆளுக்கு இருபதுக்கு மேலே வர வேண்டுமாம். வீட்டுக்கு வந்து நான் செய்த திட்டத்தை முதல் நாளிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். நாற்பது வீடியோ. கெண்டைக்காலுக்கென்று ஒரு பயிற்சிகூட இல்லை.

அந்தத் திட்டத்தின்மேல் குற்றம் சொல்ல மாட்டேன், அது உடம்பு இளைக்கவும் பலம் ஏறவும் போட்டது, ஓட்டத்துக்கென்று போட்டதில்லை. பார்த்து எடுக்காதது என் தப்பு. பிரபலமான ஏழு நிமிடப் பயிற்சியும் அப்படித்தான். 2013-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பத்திரிகை ஒன்றில் வந்தது, பன்னிரண்டு பயிற்சி, ஒவ்வொன்றும் 30 விநாடி, நடுவில் 10 விநாடி ஓய்வு. நாற்காலியும் சுவரும் போதும், அருமையான ஏற்பாடு. அந்தப் பன்னிரண்டிலும் குதிகால் தூக்குவது கிடையாது. ஆனால் கைகாலை விரித்துக் குதிக்கிற ஜம்பிங் ஜாக்கும், நின்ற இடத்தில் முழங்கால் உயர்த்தி ஓடுவதும் இருப்பதால், பாதத்துக்குக் கொஞ்சம் அடியாவது விழும்.

ஆக, ஓட்டத்துக்குத் திரும்ப வீட்டுத் திட்டம் தேடுகிறவர்கள் விலையையும் பயிற்சியாளரின் வயிற்றுக் கட்டையும் பார்ப்பதற்கு முன்னால், இரண்டு மூன்று வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிடுங்கள். ஒற்றைக் காலில் செய்கிற வேலை இருக்கிறதா? ஓட்டம் என்பதே ஒற்றைக் காலிலிருந்து ஒற்றைக் காலுக்குத் தாவுவதுதான், இரண்டு காலும் ஊன்றிய ஸ்குவாட் மட்டும் போதாது. குதிகால் தூக்குவது இருக்கிறதா, முழங்காலை மடக்கி வைத்துத் தூக்குவதும் இருந்தால் இன்னும் நல்லது, கெண்டைக்குள்ளே அடியில் இருக்கிற தசைக்கு அதுதான் போய்ச் சேரும், ஓடும்போது பாடுபடுவது அதுவே. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குகிற இடுப்பு வேலை இருக்கிறதா? நாலாவது வாரம் முதல் வாரத்தைவிடக் கடினமா, இல்லை பாட்டை மட்டும் மாற்றிவிட்டு அதையேதான் செய்யவைக்கிறார்களா? 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் முடிகிறதா? தினமும் ஒரு மணி நேரம் கேட்கிற திட்டம் பொங்கல் வரைக்கும் தாங்காது. இதெல்லாம் இருந்தால் இலவச யூடியூப் போதும், காசு கொடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் காலண்டரும் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும்தான். அந்தக் குற்ற உணர்ச்சி வேலை செய்கிறவர்களுக்குக் காசு தகும், நான் அந்த ரகம்.

திட்டத்தில் அடி விழுகிற வேலை இல்லையென்றால் ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் 20 விநாடி தாண்டல், 40 விநாடி ஓய்வு, ஆறு தடவை, வாரம் இரண்டு நாள், இதிலிருந்து ஆரம்பித்தால் போதும். ஓட்டத்துக்கும் மேட் பயிற்சிக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை நிரப்புவது இந்தக் கயிறுதான் என்பது என் அனுபவம். முதல் நாள் நான் தாண்டிவிட்டு இறங்கி வந்தபோது அத்தை, "ஏனம்மிணி, மேல நெல்லா குத்துனே?" என்று கேட்டார். அவருக்கு இந்த ஓட்டத்தின்மேலேயே அவ்வளவு நம்பிக்கை இல்லை. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று வாரம் மூன்று நாள் கொள்ளு ரசம் வைப்பதோடு என் உடற்பயிற்சித் தேவை முடிந்தது என்பது அவர் கட்சி. ரசம் நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குள் என்று பேசும்போது எங்கள் பக்கத்தில் மனவளக்கலையை விட்டுவிட முடியாது. வேதாத்திரி மகரிஷி ஆரம்பித்து வைத்தது, கொங்கு நாட்டில் தெருவுக்கு இரண்டு பேராவது அந்த எளியமுறை உடற்பயிற்சியைச் செய்துகொண்டிருப்பார்கள், எங்கள் வீட்டுக்காரர் பத்து வருடமாகச் செய்கிறார். கை, கால், மூச்சு, மகராசனம் என்று வரிசையாக அரை மணி நேரத்துக்கு மேல் போகும், மூட்டெல்லாம் எண்ணெய் விட்டது போல அசையும், தூக்கம் நன்றாக வரும். "இதவே பண்ணுனா ஓடலாமில்ல?" என்று அவர் கேட்டபோது, ஓட்டம் இல்லாத நாளுக்கு நல்லதுங்க, ஓட்டத்துக்குப் பலம் ஏற்ற இது பத்தாதுங்க என்றேன். முழுக்க ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

ட்ரெட்மில். வீட்டில் வாங்குவதை நான் சிபாரிசு செய்வதில்லை, நான் பார்த்த மூன்று வீட்டில் இரண்டில் அதன்மேல் துணி காய்கிறது. ஜிம்மில் இருக்கிறது, மாதம் கட்டியாகிவிட்டது என்றால் தாராளமாக உபயோகியுங்கள். பரப்பு கொஞ்சம் மெத்தென்று இருக்கும், நடை ஓட்ட இடைவெளியை விநாடி பிசகாமல் வைக்கலாம், பெண்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் ரோட்டில் மேடு பள்ளம், திருப்பம் எல்லாம் கணுக்காலுக்குச் சொல்லித் தருகிற பாடம் அங்கே கிடைக்காது. வாரத்தில் ஒரு நாளாவது வெளியே வாருங்கள்.

கூட்டத்தோடு ஓடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனாலேயே எச்சரிக்கிறேன். கோவை ரேஸ் கோர்ஸ் சுற்று ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர், விடிகாலையில் போனால் திருவிழாக் கூட்டம், தனியாக இருக்கிற நினைப்பே வராது. ஆனால் திரும்பி வருகிற முதல் இரண்டு மாதம் கூட்டம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். "நடந்து ஓடற அட்டவணையில இருக்கேன், நீங்க போங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறவர்கள் போகலாம். என்னால் முடியவில்லை.

மலைப்படி ஏறுவதையும் சிலர் கேட்கிறார்கள். சென்னிமலையில் 1320 படி. ஏறுவதில் மூச்சுக்கும் தொடைக்கும் கெண்டைக்கும் முழு வேலை, காலில் விழுகிற அடி குறைவு, திரும்பி வருகிறவர்களுக்குச் சொல்லிவைத்த பயிற்சி. இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும், மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். மேலே வரை ரோடு இருக்கிறது, முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கோயில் பஸ்ஸில் இறங்கிவிடுங்கள், அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது எதை எடுப்பது? வீட்டுப் பயிற்சி முடித்துவிட்டு அப்புறம் ஓட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதுதான் நான் செய்த தப்பு, நிறையப் பேர் அதைத்தான் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் முதல் வாரத்திலிருந்தே பாவும் ஊடுமாகப் போடுங்கள். என் இப்போதைய வாரம் இப்படி: செவ்வாய், வெள்ளி, ஞாயிறு நடை ஓட்டம். திங்களும் வியாழனும் மேட், அதிலும் ஒற்றைக் கால் வேலையும் குதிகால் தூக்குவதும் உள்ள வீடியோக்களை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறேன், அந்த இரண்டு நாளும் கடைசியில் கயிறு. புதனும் சனியும் சும்மா இருப்பேன், மனசு வந்தால் வீட்டுக்காரர் பக்கத்தில் படுத்து மகராசனம். குதிகால் தூக்குவது இரண்டு காலில் பன்னிரண்டு, மூன்று சுற்று என்று ஆரம்பித்து, மாடிப்படி விளிம்பில் ஒற்றைக் காலுக்கு வந்திருக்கிறேன். வலது கால் இப்போது பத்தொன்பது.

ஓடுகிற நாளில் வேகத்துக்கு ஒரே அளவுகோல்தான், பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். தனியாக ஓடுகிறவர்கள் வாய்க்குள் கந்த சஷ்டி கவசம் சொல்லிப் பார்க்கலாம், நாலு வரி மூச்சு வாங்காமல் வந்தால் சரியான வேகம். வலிக்கும் ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு இரண்டு மூன்று என்கிற அளவில் லேசாக இருந்து, மறுநாள் காலை இல்லாமல் போனால் தொடரலாம். ஓட ஓட ஏறுகிற வலி, நொண்ட வைக்கிற வலி, எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுரீரென்கிற வலி, இதெல்லாம் அன்றைக்கே நிறுத்த வேண்டியவை, தைலம் தேய்த்துக்கொண்டு ஓடுகிற விஷயம் இல்லை.

ஏன் நின்றது என்பதும் முடிவை மாற்றும். வேலைப் பளுவில் நின்றவர்கள் நான் சொன்ன மாதிரி இரண்டையும் ஒன்றாகவே ஆரம்பிக்கலாம், அரை மணி நேரம் வலி இல்லாமல் வேகமாக நடக்க முடிகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரசவம் ஆனவர்கள் மூன்று மாதம் வரை ஓட்டத்தை நினைக்காமல், நடையும் அடிவயிற்று, இடுப்புத் தளப் பயிற்சியும் மட்டும் செய்வது நல்லது, இருமினால் சிறுநீர் கசிகிறது என்றால் இன்னும் நேரம் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும், கூச்சப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை. சிக்குன்குனியா வந்து மூட்டு பிடித்திருந்தவர்களுக்கு மேட் பயிற்சியில் நான்கு வாரம் கூடுதலாகப் போனாலும் தப்பில்லை, இவர்களுக்கு மட்டும்தான் முதலில் வீடு, அப்புறம் ரோடு என்பேன். சர்க்கரை, பிரஷர், நெஞ்சில் ஏதாவது தொந்தரவு உள்ளவர்கள் எந்த வழிக்கும் முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை.

எந்த மாதம் ஆரம்பிக்கிறோம் என்பதும் எங்கள் ஊரில் ஒரு கணக்கு. சித்திரை வைகாசியில் ஈரோட்டுப் பக்கமெல்லாம் 40 டிகிரி, காலை ஏழு மணிக்கே ரோடு சுடும். அந்த இரண்டு மாதம் மேட் பயிற்சிப் பக்கம் சாய்த்து, ஓட்டத்தை ஆறு மணிக்குள் முடிக்கிற அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று ஆளையே தள்ளும். அப்போது போகும்போது மேற்கே போங்கள், திரும்பும்போது காற்றே கொண்டுவந்து வீட்டில் விட்டுவிடும், மாற்றிச் செய்தால் களைத்த கால் காற்றோடு சண்டை போட வேண்டும். மண் பாதை கிடைத்தால் விடாதீர்கள். அம்மா வீட்டுக்கு, கோபி பக்கம், போகும்போதெல்லாம் கீழ்பவானி வாய்க்கால் கரையில்தான் ஓடுவேன், தார் ரோட்டில் கிடைக்காத மெத்தென்ற மண், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நெல் வயல். அங்கேயும் நாய் உண்டு, நாயைக் கண்டால் ஓட்டத்தை நடையாக்கி, கண்ணைப் பார்க்காமல் தாண்டிவிடுவது என் வழக்கம்.

ஷூ மட்டும் பழசு வேண்டாம். பரணில் மூன்று வருடம் வெக்கையில் கிடந்த என் ஷூவின் அடி ரஸ்க் மாதிரி இறுகியிருந்தது, அதோடுதான் போன வருடம் ஓடினேன், வலிக்கு அதுவும் ஒரு பங்கு இருக்கும். மேட் வாங்கவும் ஆப்புக்கும் செலவழிக்கத் தயாராக இருக்கிற காசை இதில் போடுங்கள். கடையில் சாயங்காலம் போய், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில் போட்டு, முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும், வீடியோவில் சொல்கிற விலை உயர்ந்த மாடலெல்லாம் தேவையில்லை.

பதினோராவது வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது எனக்கு. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஆறு தடவை, அவ்வளவுதான் இன்னும். போன வருடம் இதே நேரத்தில் 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடினேன் என்று அலைபேசி தினமும் ஒரு தடவை ஞாபகப்படுத்துகிறது, அதை அணைப்பது எப்படி என்று மகனிடம் கேட்க வேண்டும். நாளைக்கு வெள்ளி, ஓட்டம். மழை என்றால் மேட்.